உங்கள் சாலைக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியை, ஒட்டிய பெரிய வீதியில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தையிலிருந்து மீன் பையோடு திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, என் வீட்டு கேட் அருகே நின்றார். "ஏன் தம்பி, நீ இந்த ரோட்டு வேலைதானே பாக்குற? நல்லா இருக்கிற ரோட்டைச் சுரண்டிப் போட்டு மறுபடியும் தார் போடுறாங்க. நம்ம லோரோங் சந்துல மூனு மாசமா குழி கெடக்கு. அதை யாரு பாக்குறது?"

நியாயமான கேள்வி. கோலாலம்பூரில் இதைக் கேட்காத தெரு இருக்காது. சாலைகளின் நிலையை அளந்து பதிவு செய்வது என் தொழில் என்பதால் காப்பிக்கடையிலும் கோயில் வாசலிலும் என்னிடம் இதே கேள்வி வரும். அன்று அக்காவிடம் ஐந்து நிமிடத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தினமும் மிதித்துப் போகிற சாலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும்.

கறுப்புப் பரப்புக்குக் கீழே

சாலை என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள கறுப்புப் பரப்பு. பெரும்பாலும் அதன் கனம் 40 முதல் 50 மில்லிமீட்டர், அதாவது நம் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஜல்லியும் மணலும் பிட்டுமென் என்னும் தார்ப்பசையும் சூடாகக் கலந்த கலவை அது. நம் ஊரில் 'பிரீமிக்ஸ்' என்று சொல்வது இதைத்தான். அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய ஜல்லி போட்ட இன்னொரு தார்க்கலவை அடுக்கு. அதற்கும் கீழே உடைத்த கருங்கல் அடுக்கு, பிறகு மணலோ சரளையோ கலந்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இடத்து மண்.

ஏன் இத்தனை அடுக்கு? ஒரு காரின் சக்கரம் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தச் சிறிய இடத்தில் இறங்கும் பாரத்தை ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அகல விரித்துக் கீழே அனுப்புகிறது. அடிமண்ணுக்கு வந்து சேரும்போது அது தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சாலை வடிவமைப்பின் சாரம்.

மேலே உள்ள தார்ப் பரப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது சாலையின் கூரை. காய்ந்து இறுகிய மண் எவ்வளவோ பாரம் தாங்கும், நனைந்த மண் தாங்காது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும், அதன்மேல் மழை விழும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இதைக் கிட்டத்தட்ட தினமும் பார்க்கலாம். கூரையில் ஓட்டை விழுந்தால் வீட்டுக்குள் என்ன நடக்குமோ அதுதான் சாலைக்குள்ளும் நடக்கும்.

என் தாத்தா பொதுப்பணித் துறையில் சாலைத் தொழிலாளியாக இருந்தவர். மலாயாவின் சாலைகளையும் ரயில் பாதைகளையும் போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தத் தலைமுறை சாலையைச் 'சடக்கு' என்றது, ரயில் பாதை 'கம்பிச் சடக்கு'. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெருமழை விட்டதும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவாராம். தன் பொறுப்பில் இருந்த சாலையோரத்தில் தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்து, புல்லைச் செதுக்கி, கால்வாய்க்கு வழி வெட்டிவிடுவது அவர் வேலை. "தண்ணி நின்னா சடக்கு போச்சு" என்பாராம். இருபது வருடமாக நான் கருவிகளோடு அளந்து எழுதும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே வரியைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

பாரம் என்னும் கணக்கு

தண்ணீருக்கு அடுத்த எதிரி பாரம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. வேறு வேறு கனத்தில் சாலைத் துண்டுகளைப் போட்டு, வேறு வேறு பாரம் ஏற்றிய லோரிகளை இராணுவ ஓட்டுநர்கள் இரவு பகலாக அவற்றின்மேல் ஓட்டினார்கள். எந்தத் துண்டு எப்போது கெடுகிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த முடிவு இது: அச்சு ஒன்றின்மேல் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ 16 மடங்காகும். பாரத்தை நான்கு முறை பெருக்கிப் பார்க்கும் கணக்கு. பத்து மடங்கு பாரம் என்றால் பத்தாயிரம் மடங்கு சேதம்.

ஆகவே நம் மைவி, புரோட்டோன் கார்கள் சாலையைக் கெடுப்பதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு மண் லோரி ஒருமுறை போய்விட்டு வருவதால் ஆகும் சேதத்துக்குச் சமமாக ஆயிரக்கணக்கான கார்கள் ஓட வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் 20 விழுக்காடு மட்டும் கூடுதலாக ஏற்றிய லோரி, இரண்டு மடங்கு சேதம் செய்கிறது. பக்கத்தில் கொண்டோமினியம் எழும்பும்போது அதை ஒட்டிய சின்ன வீதிகள் ஓராண்டுக்குள் நொறுங்கிப் போவது இதனால்தான். அந்த வீதிகள் குப்பை லோரிக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை.

வெடிப்புகளைப் படிப்பது

இனி சாலையைக் குனிந்து பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சாலை கெடும்போது எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்த்தாலே எதனால் கெடுகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சக்கரங்கள் ஓடும் தடத்தில், முதலையின் முதுகுத் தோல் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக வெடிப்புகள் பின்னிக் கிடக்கும். முதலைத்தோல் வெடிப்பு என்பார்கள். வேலைத்தளத்தில் மலாய் நண்பர்களும் 'ரெத்தாக் புவாயா' என்றுதான் சொல்வார்கள். இதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும். தார்ப் பரப்பு ஒவ்வொரு சக்கரத்துக்கும் துளி வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, கடைசியில் களைத்து வெடித்திருக்கிறது என்று அர்த்தம். வளைகிறது என்றால் கீழே தாங்கவேண்டிய அடுக்கு பலவீனமாக இருக்கிறது, பெரும்பாலும் நனைந்திருக்கிறது. இதன்மேல் புதுத் தார் மட்டும் பூசினால் சில மாதங்களில் அதே முதலை மேலே வந்துவிடும்.

அதே வெடிப்புகள் பெரிய பெரிய சதுரங்களாக, சக்கரத்தடம் என்றில்லாமல் சாலை முழுக்கப் பரவியிருந்தால் கதை வேறு. அது முதுமை. பிட்டுமென் வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்காகக் கிடந்து எண்ணெய்ப்பசை போய் விறைத்துப்போகிறது. வண்டியே அதிகம் ஓடாத கார் பார்க்கில் இதைப் பார்க்கலாம். கீழ் அடுக்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சாலை பராமரிப்பில் பாதி தெரிந்த மாதிரி.

பஸ் நிறுத்தங்களிலும் சமிக்ஞை விளக்குச் சந்திப்புகளிலும் வேறொன்றைக் காணலாம். சக்கரம் நிற்கும் இடம் பள்ளமாகத் தாழ்ந்து, பக்கத்தில் தார் அலை மாதிரி மேடு தட்டியிருக்கும். சூட்டில் இளகிய தார்க்கலவை, நின்று கிளம்பும் பாரத்தால் பிதுங்கி நகர்ந்திருக்கிறது. நகர்கிற லோரியைவிட நிற்கிற லோரிதான் இந்தப் பள்ளத்துக்குக் காரணம். ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வைத்து அடியில் உள்ள இடைவெளியை அளந்தால் போதும்: 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை லேசு, 13 முதல் 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், வேகமாக வரும் வண்டி அதில் வழுக்கும்.

ஜல்லி உதிர்ந்து பரப்பு சொரசொரப்பாவது, பிட்டுமென் மேலே கசிந்து கண்ணாடி மாதிரி பளபளப்பது ஆகியவையும் உண்டு. பளபளக்கும் இடம் மோட்டார் சைக்கிளுக்கு ஆபத்து, மழை நாளில் பிடிப்பே இருக்காது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது குழி. குழி திடீரென்று விழுவதில்லை. முதலில் வெடிப்பு. வெடிப்பு வழியே மழைநீர் இறங்கிக் கீழ் அடுக்கை நனைக்கிறது. நனைந்த அடுக்கின்மேல் சக்கரம் ஏறும்போது சிக்கிய தண்ணீர் அழுத்தத்தோடு பீறிட்டு, கூடவே மண்ணையும் பொடிக்கல்லையும் வெளியே கொண்டுவருகிறது. மழைக்குப் பிறகு வெடிப்பின் ஓரத்தில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ சேறு படிந்திருந்தால் அடியில் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒருநாள் முதலைத்தோலின் ஒரு கட்டம் பெயர்ந்து வரும், அடுத்த வாரம் பக்கத்துக் கட்டம். நாம் அன்றுதான் பார்த்து "நேத்து இல்லையே" என்போம்.

மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காருக்கு ஒரு குலுக்கலோடு போகிற குழி, அவர்களைச் சாலையில் தூக்கி வீசும். தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழம் இரவில் தெரியாது. அதனால்தான் இந்த விஷயத்தை வெறும் அசௌகரியம் என்று என்னால் பேச முடிவதில்லை.

நூற்றுக்கு எத்தனை?

கண்ணால் பார்த்து "மோசம்", "பரவாயில்லை" என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் மோசம் என்பதை நீங்கள் பரவாயில்லை என்பீர்கள். ஆயிரக்கணக்கான வீதிகள் உள்ள நகரத்தில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். 1970களில் அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு முதலில் விமான ஓடுதளங்களுக்காக அப்படி ஒன்றை உருவாக்கியது. பிறகு நகரச் சாலைகளுக்கும் அது வந்தது. தமிழில் 'சாலைப்பரப்பு நிலைக் குறியீடு' என்று சொல்லலாம். பொறியாளர்கள் பிசிஐ என்பார்கள். புதிதாகப் போட்ட பழுதில்லாத சாலைக்கு 100, முற்றிலும் சிதைந்ததற்கு 0.

எப்படிப் போடுகிறார்கள்? அக்கா கேட்ட மறுநாள் காலை, எங்கள் லோரோங்கிலேயே செய்து காட்டினேன். அளவுநாடா, சுண்ணக்கட்டி, ஓர் இரும்பு அளவுகோல், தாள், பேனா. வேறொன்றும் வேண்டாம்.

முதலில் சாலையைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். தார்ச் சாலைக்கு ஒரு துண்டு சுமார் 225 சதுர மீட்டர். எங்கள் லோரோங் 5 மீட்டர் அகலம், 45 மீட்டர் நீளம், ஒரே துண்டாக அடங்கிவிட்டது. பெரிய வீதி என்றால் எல்லாத் துண்டுகளையும் பார்க்க மாட்டார்கள். சோற்றுப் பதம் பார்க்கிற மாதிரி சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எதை எடுப்பது, எத்தனை எடுப்பது என்பதற்கு முறை உண்டு. மோசமானதை மட்டுமோ நல்லதை மட்டுமோ பொறுக்கக் கூடாது.

அடுத்து, அந்தத் துண்டில் உள்ள ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று கேள்வி. என்ன வகை? எவ்வளவு கடுமை? எவ்வளவு இருக்கிறது? முதலைத்தோலைச் சதுர மீட்டரில் அளக்கிறோம், தனி வெடிப்பை நீளத்தில், குழியை எண்ணிக்கையில். கடுமையும் குத்துமதிப்பு இல்லை. அடைக்காத வெடிப்பின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் லேசு, 75ஐத் தாண்டினால் கடுமை. குழி என்றால் ஆழத்தையும் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அக்கா நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். எங்கள் கணக்கில் வந்தது: நடுத்தர முதலைத்தோல் 11 சதுர மீட்டர், அதாவது பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு. குழி இரண்டு. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பழைய ஒட்டு ஒன்று, அது கொஞ்சம் தாழ்ந்து போயிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும் என்று வரைபடங்கள் இருக்கின்றன. அதில் கவனிக்க வேண்டியது, 5 விழுக்காடு முதலைத்தோல் மட்டுமே ஏறத்தாழ 40 மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது. அதே பரப்பு முதுமை வெடிப்பாக இருந்தால் இவ்வளவு போகாது. முதலைத்தோல் அடிப்பலம் போனதைச் சொல்கிறது, அதனால் அதற்கு எடை அதிகம். குழிகளுக்கும் பழைய ஒட்டுக்கும் தலா ஏறத்தாழ இருபது. கூட்டினால் எண்பதை நெருங்குகிறது. அப்படியென்றால் மதிப்பெண் 20தானா? இல்லை. பழுதுகள் பல சேரும்போது வெறுமனே கூட்டினால் சாலை இருப்பதைவிட மோசமாகத் தெரியும் என்பதால், கூட்டுத்தொகையைத் திருத்த இன்னொரு வரைபடம் உண்டு. திருத்திய பிறகு கழிவு 50ஐ ஒட்டி வந்தது. ஆக எங்கள் லோரோங்குக்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது.

85க்கு மேல் நல்லது. 70 முதல் 85 வரை திருப்தி. 55 முதல் 70 வரை சுமார். 40 முதல் 55 வரை மோசம். அதற்குக் கீழே மிக மோசம், கவலைக்கிடம் என்று போய், 10க்குக் கீழே சாலை என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். "பள்ளிக்கூடத்துல அம்பதுன்னா பாஸுதானே தம்பி" என்றார் அக்கா. சாலைக்கு அது தேறாத மதிப்பெண். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய வீதிகளில் இப்படிக் குனிந்து அளந்தால் நம்மீது வண்டி ஏறிவிடும். அங்கே கேமராவும் லேசரும் பொருத்திய வண்டி போக்குவரத்தோடு சேர்ந்து ஓடிப் படம் எடுக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து அளப்போம். கணினியே வெடிப்பை அடையாளம் காட்டும் முறைகளும் இப்போது வந்துவிட்டன. ஆனால் ஈரம் காயாத கோட்டையும் மரத்தின் நிழலையும் வெடிப்பு என்று அது சொல்லும் நாளும் உண்டு. ஒரு மனிதன் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இன்னொரு அளவு, சாலையின் குலுக்கல். உலக வங்கி 1982ல் பிரேசிலில் நடத்திய ஆய்விலிருந்து பிறந்த சர்வதேச அளவுகோல் அது. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வண்டியின் ஸ்பிரிங் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று கணக்கிடும். நெடுஞ்சாலைக்கு மிகவும் பொருத்தம். தாமான் வீதிக்கு அவ்வளவாக ஒத்துவராது. நூறு மீட்டருக்கு ஒரு வேகத்தடுப்பு மேடும், தாழ்ந்துபோன மேன்ஹோல் மூடியும் இருக்கும் இடத்தில் எந்தக் குலுக்கல் சாலையின் பழுது, எது வேண்டுமென்றே போட்டது என்று பிரிப்பது கடினம்.

அடிப்பலத்தை நேரடியாக அறிய, ஒரு கனமான எடையைச் சாலையின்மேல் விழவிட்டு பரப்பு எவ்வளவு அமுங்குகிறது என்று நுண்ணிய கருவிகளால் அளக்கும் வண்டி இருக்கிறது. அமுங்கும் அளவு மில்லிமீட்டரில் ஒரு பின்னம்தான். அந்தப் பின்னம்தான் கீழே உள்ள அடுக்குகள் எப்படி இருக்கின்றன என்று சொல்லும். பெரிய செலவில் மறுகட்டுமானம் செய்யும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

நல்ல சாலைக்கு ஏன் முதலில் தார்?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

சாலை ஒரே சீராகக் கெடுவதில்லை. புதிய சாலை 100லிருந்து 70க்கு இறங்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுக்க பார்ப்பவர்களுக்கு அது நல்ல சாலைதான். அதன்பிறகு வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் சரிவு செங்குத்தாகிவிடும். 70க்கு இறங்க எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் சிறு பங்கிலேயே 40க்குக் கீழே போய்விடும். 50 எடுத்த சாலை தேறாதது என்று சொன்னது இதனால்தான். அது சரிவின் நடுவே நிற்கிறது.

சரிவுக்கு முந்தைய கட்டத்தில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வெடிப்பைச் சுத்தம் செய்து சூடான பசை ஊற்றி அடைப்பது, பிட்டுமென் குழம்பும் பொடிக்கல்லும் கலந்து மெல்லிய பூச்சு கொடுப்பது, அல்லது மேல் 50 மில்லிமீட்டரை மட்டும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவது. கீழ் அடுக்குகள் திடமாக இருப்பதால் கூரையை மட்டும் மாற்றினால் போதும். சரிவுக்குப் பிறகு என்றால் கருங்கல் அடுக்கு வரை தோண்ட வேண்டும். செலவு பல மடங்கு ஏறும், வாரக்கணக்கில் வீதியை மூட வேண்டும்.

ஒரு நகர மன்றம் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிற பணத்தையெல்லாம் மிக மோசமான சாலைகளுக்கே கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு கிலோமீட்டர் மறுகட்டுமானம் முடிவதற்குள், 70ல் நின்ற பல கிலோமீட்டர்கள் சரிவில் விழுந்துவிடும். அடுத்த ஆண்டு மோசமான சாலைகளின் பட்டியல் இன்னும் நீளும். அன்று சுரண்டிக்கொண்டிருந்த பெரிய வீதியை நான் நடந்து பார்த்தேன். முதுமை வெடிப்புகள் இருந்தன, முதலைத்தோல் இல்லை. சரியான நேரத்தில் செய்கிறார்கள்.

அப்படியானால் எங்கள் லோரோங்கின் குழி? அதை விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லவே இல்லை. ஆபத்தான குழியை உடனே அடைப்பது ஒரு பணி, திட்டமிட்டுப் பராமரிப்பது வேறொரு பணி. இரண்டுக்கும் தனித்தனிப் பணம் ஒதுக்க வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதம் என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். அக்காவின் கோபத்தில் பாதி சரி என்பது அதனால்தான்.

அடைப்பதிலும் முறை இருக்கிறது. குழிக்குள் தார்க்கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது பெயர்ந்து வரும். சரியான ஒட்டு என்றால் குழியைச் சுற்றி நல்ல பரப்பு வரை சதுரமாக அறுக்க வேண்டும், தளர்ந்ததையும் ஈரத்தையும் வெளியே எடுக்க வேண்டும், பக்கவாட்டிலும் அடியிலும் பிட்டுமென் பூச வேண்டும், கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். கடைசியில் ஓரங்களை அடைக்க வேண்டும். ஒட்டு வட்டமாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் அறுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மழை கொட்டும் நேரத்தில் தற்காலிகமாகப் போடுவது தவிர்க்க முடியாததுதான். ஆனால் காய்ந்ததும் திரும்பி வந்து செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது புதுச்சாலையைத் தோண்டுவது. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எல்லாம் நகரத்துக்கு வேண்டியவைதான். ஆனால் ஒரு முறை வெட்டிய இடம் எத்தனை கவனமாக மூடினாலும் பழையபடி ஆகாது. வெட்டுக்கும் பழைய பரப்புக்கும் நடுவே உள்ள கோடு தண்ணீருக்கு வாசல். நான் அளந்த ஒரு வீதியில் தார் போட்டு ஐந்து வாரத்தில் நீளவாக்கில் வெட்டியிருந்தார்கள். ஓராண்டு கழித்துப் போனபோது அந்த வெட்டின் இரு கரையிலும் முதலைத்தோல் தொடங்கியிருந்தது. தோண்டவேண்டியவர்களெல்லாம் தார் போடும் முன் ஒரே மேசையில் உட்கார்ந்து தேதியைப் பேசிக்கொண்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

மேலே தெரியாதது

மேற்பரப்பு மதிப்பெண்ணுக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் துணி எடுக்கவும் சாப்பிடவும் போகாத தமிழர் இந்த நகரில் குறைவு. பல வாரங்கள் அங்கே நடக்கும்போது எல்லோரும் காலடியைப் பார்த்தே நடந்தோம்.

கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைக்கும், குகைகளும் பொந்துகளும் உண்டாகும். பத்துமலையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாதற்கு நகரத்தின் அடியில் பழைய குழாய்கள் ஓடுகின்றன. குழாய் கசிந்தால் அதைச் சுற்றியுள்ள மண் மெல்லக் கரைந்து போகும். இப்படி அடியில் உண்டாகும் வெற்றிடம் மேலே வெடிப்பாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூற்றுக்கு 90 எடுத்த பரப்பின் கீழேயும் அது இருக்கலாம். அதற்குத் தரையை ஊடுருவும் ராடார், குழாய்க்குள் கேமரா செலுத்துவது போன்ற வேறு சோதனைகள் வேண்டும். சாலையின் ஓரிடம் மட்டும் தட்டு மாதிரி வட்டமாகத் தாழ்ந்துகொண்டே வந்தாலோ, அடைத்த இடமே திரும்பத் திரும்ப உள்வாங்கினாலோ அதைக் குழி என்று எண்ணாமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

எங்கே தெரிவிப்பது? தாமான் வீதிகளும் நகர வீதிகளில் பெரும்பாலானவையும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. கூட்டரசு சாலைகள் பொதுப்பணித் துறையுடையவை. டோல் நெடுஞ்சாலைகளை அவற்றை நடத்த உரிமம் பெற்ற நிறுவனங்கள் பார்க்கின்றன. எது யாருடையது என்று நமக்குத் தெரியாதுதான். பொதுப்பணி அமைச்சு 2023ல் கொண்டுவந்த மைஜாலான் செயலியில் படத்தோடு புகாரைப் பதிவு செய்யலாம். "ரோடு மோசம்" என்று மட்டும் எழுதாதீர்கள். வீதியின் பெயர், எந்தப் பக்கத் தடம், பக்கத்துக் கடை அல்லது விளக்குக் கம்பத்தின் எண், குழியின் அகலமும் ஆழமும். படத்தில் அளவு தெரிய ஒரு செருப்பையோ தண்ணீர் போத்தலையோ பக்கத்தில் வையுங்கள், சாலையில் வண்டி வராத நேரத்தில்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. நம் நாட்டில் இப்போது சில சாலைகளில் பிட்டுமெனோடு இரப்பர் கலக்கிறார்கள். மரத்தில் கட்டிய மங்கிலேயே உறைந்துபோகும் கட்டிப்பாலைப் பதப்படுத்திக் கலக்கும் முறை அது. இரப்பர் சேர்ந்தால் கலவைக்கு நெகிழ்வு கூடுகிறது, வெயிலில் பள்ளம் விழுவதும் வெடிப்பதும் குறையும். செலவு சற்று அதிகம். தோட்டத்தில் விடியற்காலையில் மங்கு மங்காகக் கட்டிப்பால் பொறுக்கி வாளியில் போட்ட பாட்டியின் கைகளை நினைத்துக்கொள்வேன்.

சரி, எங்கள் லோரோங். அளந்து முடித்ததும் இரண்டு குழியும் ஏன் ஒரே ஓரத்தில் விழுந்திருக்கின்றன என்று பார்த்தோம். கால்வாய்க்குத் தண்ணீர் இறங்கும் வாயில் மாவிலையும் பிளாஸ்டிக் பையும் மண்ணும் இறுகி அடைத்திருந்தன. மூன்று மாதமாக ஒவ்வொரு மழைத்தண்ணீரும் அங்கேயேதான் நின்றிருக்கிறது. அக்கா உள்ளே போய்ப் பழைய கரண்டி ஒன்றும் விளக்கமாறும் எடுத்து வந்தார், நான் கையுறை போட்டுக்கொண்டு அள்ளினேன். ஒரு வாளி நிறைய வந்தது. அப்புறம் அளவுகளோடும் படத்தோடும் புகாரைப் பதிவு செய்தோம், கால்வாய் வாய் அடைத்திருந்ததையும் சேர்த்து.

அன்று நான்கு மணிக்கு வழக்கம்போல் மழை கொட்டியது. விட்டதும் அக்கா கேட் அருகே வந்து நின்று கூப்பிட்டார். தண்ணீர் ஓரமாக ஓடிக் கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழிகளில் மட்டும் கொஞ்சம் நின்றது, சுற்றியிருந்த முதலைத்தோலின் வெடிப்புகளிலிருந்து மஞ்சள் சேறு இன்னும் கசிந்துகொண்டிருந்தது.